கிந்தா பள்ளத்தாக்கின் செம்மண் சாலைகள்

தார் போடாத சாலைகளில் நெடுந்தூரம் செல்வதற்கென்றே உருவான மிதிவண்டி, உலகெங்கும் இன்று கிராவல் மிதிவண்டி என்று அழைக்கப்படுகிறது. பந்தய மிதிவண்டிக்குரிய வளைந்த கைப்பிடியும், மலைமிதிவண்டியை நெருங்கும் அகன்ற டயரும், செங்குத்தான ஏற்றத்திலும் மூச்சு முட்டாமல் மிதிக்க உதவும் தாழ்ந்த கியர்களும், சேற்றிலும் பிடி நழுவாத டிஸ்க் பிரேக்கும் இதில் ஒன்றுசேர்ந்துள்ளன. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய 200 மைல் போட்டி இந்த விளையாட்டுக்கு முகவரி தேடித் தந்தது. 2022-இல் இத்தாலியில் இதன் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. இங்கிலாந்தின் தென்பகுதியில், வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுண்ணக் குன்றுகளின் முதுகில் ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளும் பாதையும், 2020-இல் அறிமுகமாகி ஏறத்தாழ 350 கிலோமீட்டர் சுற்றிவரும் ஆல்பிரட் மன்னர் பாதையும் இத்தகைய பயணத்துக்குப் பெயர் பெற்றவை. அவற்றுக்குச் சற்றும் குறையாத நிலம் பேராக் மாநிலத்தில் ஈப்போவைச் சுற்றிக் கிடக்கிறது என்பதும், அதன் சாலைகளில் பெரும்பகுதி தமிழ்த் தொழிலாளரின் மண்வெட்டியால் உருவானவை என்பதும் மலேசியத் தமிழர் பலரே எண்ணிப் பார்க்காத செய்திகள்.

கிழக்கே 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு சிகரத்தைத் தாங்கிய தித்திவங்சா மலைத்தொடரும், மேற்கே கிளேடாங் மலைத்தொடரும் காவல் நிற்க, அவற்றுக்கிடையே தாழ்ந்து கிடப்பது கிந்தா பள்ளத்தாக்கு. இருபுற மலைகளும் கருங்கல்லால் ஆனவை; நடுவே திடீர் திடீரென்று செங்குத்தாக எழும் குன்றுகளோ பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். கருங்கல்லிலிருந்து கழுவப்பட்டு வந்த ஈயம் இந்தச் சுண்ணாம்புத் தரையின் பள்ளங்களில் தேங்கியதால்தான் கிந்தா ஒரு காலத்தில் உலகின் முதன்மையான ஈய வயலாக விளங்கியது. மிதிவண்டியில் செல்பவருக்கு இந்த நிலவரலாறு டயரின் வழியாகவே தெரியவரும். பழைய தோட்டங்களில் செஞ்சரளை மண்; கல்லுடைப்புக் குவாரிகள் நிறைந்த சிம்பாங் பூலாய்ப் பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள்; கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குளங்களின் கரையில், கழுவித் தள்ளிய வெளிறிய மணல். செஞ்சரளை காய்ந்திருக்கும்போது 38 மில்லிமீட்டர் டயரே போதுமானது. சுரங்க மணலிலோ 45 அல்லது 50 மில்லிமீட்டர் அகலமும் குறைந்த காற்றழுத்தமும் இல்லாவிட்டால் முன்சக்கரம் புதைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

தோட்டச் சாலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. நன்றாகப் போடப்பட்ட பழைய சாலையில் நடுப்பகுதி சற்று மேடாகவும், இருபுறமும் சரிவாகவும், ஓரங்களில் கால்வாயாகவும் இருக்கும்; மழைநீர் சாலையின்மேல் ஓடாமல் கால்வாயில் இறங்குவதற்கான ஏற்பாடு அது. குன்றுப் பகுதியில் அது நேராக ஏறுவதில்லை. பால்மர நிரைகள் நடப்பட்ட படிக்கட்டு வரப்புகளைத் தழுவி, சரிவைச் சுற்றிச் சுற்றிச் செல்கிறது. பாரம் ஏற்றிய வண்டி மூச்சுத் திணறாமல் ஏறுவதற்காக அமைந்த அந்தச் சீரான ஏற்றமே இன்று மிதிவண்டிக்காரருக்கும் வாய்ப்பாகிறது. பராமரிப்பு நின்றுபோன இடங்களில் கால்வாய் தூர்ந்து, நீர் சாலையின் நடுவே ஓடி, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருப்பதைக் காணலாம். மேடும் கால்வாயும் எத்தனை உழைப்பைக் கேட்டன என்பதை, அவை இல்லாத இடமே சொல்லிவிடுகிறது.

இந்தச் சாலைகள் தோன்றியதற்கும் மிதிவண்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1877-இல் வந்த ரப்பர்க் கன்றுகளைப் பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டபோது அவற்றுக்குச் சந்தை இல்லை. 1888-இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயரை மிதிவண்டிக்கென உருவாக்கினார். அடுத்த பத்தாண்டில் மிதிவண்டி மோகமும், அதன்பின் மோட்டார் வண்டியும் பரவ, ரப்பரின் தேவை வானளாவியது. அந்தத் தேவைக்காகவே காடு அழிந்தது, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டினார்கள், லயங்கள் எழுந்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, தோளில் காண்டாக் கம்புடனோ மிதிவண்டியின் பின்னிருக்கையில் கட்டியோ பால் ஸ்டோருக்குக் கொண்டுசேர்த்த தலைமுறைகள் இவ்வழிகளை நாள்தோறும் கடந்தன. செஞ்சரளையில் பாரத்தோடு மிதிவண்டி ஓட்டும் திறமை பேராக்கில் புதிதாக இறக்குமதியானதன்று.

ஈப்போவிலிருந்து தெற்கே சிம்பாங் பூலாய், கோப்பேங், பத்து காஜா, பாப்பான், லஹாட் வழியாகத் திரும்பும் சுற்று, தார்ச்சாலையும் மண்சாலையும் மாறிமாறி வர, அரை நாளில் முடியக்கூடியது. இதில் அதிக நேரம் நிற்கவேண்டிய இடம், கோப்பேங்குக்கும் பத்து காஜாவுக்கும் இடையிலுள்ள கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் 1915-இல் கட்டத் தொடங்கிய இந்த மாளிகை, அவர் 1926-இல் லிஸ்பனில் இறந்தபின் முடிவுபெறாமலே நின்றுவிட்டது. சுற்றுலாப் பயணிகள் மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சற்றுத் தொலைவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கும் செல்வதே நியாயம்: கட்டுமானத் தொழிலாளரை விஷக்காய்ச்சல் வாரிக்கொண்டு போனபோது, அவர்கள் கேட்டு எழுந்த கோயில் அது, அதன் மேற்கூரைச் சிலைகளுக்கிடையே வெள்ளை உடையும் தொப்பியுமாக நிற்கும் உருவம் கெல்லி ஸ்மித்துடையது என்பார்கள். பாப்பானில், ஜப்பானியர் ஆட்சியின்போது கொரில்லாப் போராளிகளுக்கு ரகசியமாக மருத்துவம் செய்து, சித்திரவதைக்கு ஆளான சிபில் கார்த்திகேசுவின் கடைவீடு இன்னும் இருக்கிறது.

பால்மரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. அவற்றின் இடத்தில் செம்பனை வந்துவிட்டது. பறித்த குலைகளை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால், செம்பனைத் தோட்டத்தில் சாலைகள் அதிகம். லாரிகளும் அதிகம், அவை பதிக்கும் பள்ளங்களும் அதிகம். வெட்டிப் போட்ட மட்டைகளின் முள் டயரைத் துளைப்பது இங்கே அன்றாடத் தொல்லை. அதற்காகவே உள்டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் திரவம் ஊற்றப்படுகிறது. அத்திரவங்கள் பலவற்றின் அடிப்படைப் பொருள் ரப்பர்ப் பால். பிற்பகல் இடிமழை பெய்தால் செஞ்சரளை வழுக்குப் பாறையாகிவிடும் என்பதால், விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்புவதே இந்தப் பக்கத்துக்கு ஏற்ற முறை.

முள்ளும் மழையும் சமாளிக்கக்கூடியவை. வழியுரிமைதான் பெரிய சிக்கல். இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம், குதிரைப் பாதைகளில் மிதிவண்டி செல்லும் உரிமையைப் பொதுமக்களுக்கு வழங்கியது; பாதை தனியார் நிலத்தினூடே சென்றாலும் அதை மறிக்க முடியாது. பேராக்கின் தோட்டச் சாலைகளோ தோட்ட உரிமையாளரின் உடைமை. இரும்புத் தடுப்புக்கு முன் காவலாளி திருப்பி அனுப்பினால் திரும்பத்தான் வேண்டும், முன்கூட்டியே தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்பதே முறை. ஆனால் பல தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழ்ந்து, கோயில் கட்டி, இறந்தோரை அடக்கம் செய்த நிலத்தில், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நடந்து செல்லவோ மிதித்துச் செல்லவோ ஒரு வழியாவது திறந்திருக்க வேண்டாமா? கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கு, குன்றுகளை இணைக்கும் இந்தச் சாலைகளுக்கும் கிடைக்கவேண்டும். உரிமையாளர்களுடன் பேசி, வார இறுதிகளிலாவது சில வழிகளைத் திறந்துவிடச் செய்வது மாநில அரசால் ஆகாத காரியமன்று.

வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய தோட்டச் சாலைகளைக் கவனிக்கவேண்டிய தேவை இன்னும் அவசரமானது. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து நாட்டில் அவசரகாலம் பிறந்தது. தொழிலாளர்கள் முள்வேலிக்குள் வாழ நேர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அவர்களையே தோட்ட உரிமையாளராக்க முயன்ற துன் வீ.தி. சம்பந்தன் பிறந்ததும் சுங்கை சிப்புட்டில்தான். எல்பில், டோவன்பி, ஹேவுட் என்ற பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் வாழ்கின்றன. ஆனால் அத்தோட்டங்களுக்குள் இருந்த கோயில் மேடு, பழைய லயம், பால் ஸ்டோர், ஆற்றங்கரைப் பாலம் ஆகியவற்றை இணைத்த சாலைகள் எந்த வரைபடத்திலும் பெயரோடு இல்லை. யாரும் திருத்தி எழுதக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற இணைய வரைபடங்களில் அவ்விடங்களைத் தமிழிலும் மலாயிலும் குறித்துவைக்க முடியும். கைப்பேசியில் வழித்தடத்தைப் பதிவுசெய்யும் இளைஞர் ஒருவரும், அந்த நிரைகளில் மரம் சீவிய முதியவர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தாலே ஒரு தோட்டத்தின் சாலைகள் அனைத்துக்கும் பெயர் கிடைத்துவிடும்; அந்த முதியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.