தூண்களின் மேல் ஒரு தொழுகைத் தலம்

தென் எகிப்தில், நைல் நதியின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது லக்ஸர் நகரம். அரபியில் அதன் பெயர் அல்உக்ஸுர். 'மாளிகைகள்' என்பது பொருள். வாகனங்கள் விரையும் சாலைகளுக்கும் கடைவீதிகளுக்கும் நடுவே சுமார் 3400 ஆண்டுகள் பழமை வாய்ந்த ஆலயமொன்று நிற்கக் காண்போர் வியப்படைவர். அவ்வாலயத்தின் முற்றத்திலிருந்து பாங்கோசை எழக் கேட்கும்போதோ அவ்வியப்பு இரட்டிப்பாகும்.

மூன்றாம் அமன்ஹோதெப் என்னும் மன்னன் தொடங்கிய இவ்வாலயத்துக்கு, இரண்டாம் ராம்ஸேஸ் பெருவாயிலையும் முன்முற்றத்தையும் சேர்த்தான். நபி மூஸா (அலை) அவர்கள் காலத்து ஃபிர்அவ்ன் இவனே என்று கூறுவோர் உண்டு. ஆயினும் வரலாற்றுச் சான்றுகளால் அது உறுதிப்படவில்லை. வாயிலில் இணையாக நின்ற இரு கற்றூபிகளுள் ஒன்றே இப்போது அங்கு எஞ்சியுள்ளது. முஹம்மது அலி பாஷா பிரான்ஸ் நாட்டுக்கு அளித்த மற்றொன்று, 1836 முதல் பாரிஸ் மாநகரின் சதுக்கத்தில் நிற்கிறது.

மன்னர்கள் மறைந்தனர். ரோமானியர் இவ்விடத்தைப் படை முகாமாக்கினர். பின்னர் கிறிஸ்தவ தேவாலயங்கள் எழுந்தன. நைல் நதியின் வண்டலும் பாலைவன மணலும் இடிபாடுகளும் சேரச் சேர, தூண்கள் பாதிக்கு மேல் புதைந்தன. அம்மேட்டின் மீது மக்கள் வீடுகள் கட்டி வாழ்ந்தனர். பக்தாதிலிருந்து வந்து இவ்வூரில் வாழ்ந்து மறைந்த இறைநேசர் அபுல் ஹஜ்ஜாஜ் (ரஹ்) அவர்களின் பெயரால் 13-ஆம் நூற்றாண்டில் அங்கே பள்ளிவாசல் உருவாயிற்று. 1326-இல் அவ்வழியே சென்ற பயணி இப்னு பதூதா, அப்பெரியாரின் அடக்கத்தலத்தைத் தம் பயண நூலில் குறிப்பிடுகிறார்.

1885-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் மாஸ்பெரோ அம்மேட்டை அகழத் தொடங்கினார். வீடுகள் அகற்றப்பட்டன, மண் அள்ளப்பட்டது, புதையுண்ட தூண்கள் முழு உயரத்துடன் வெளிப்பட்டன. ஆனால் மக்கள் உள்ளங்களில் வேரூன்றிய பள்ளிவாசலோ அகற்றப்படவில்லை. அன்று தரைமட்டத்தில் இருந்த அதன் பழைய வாசல், இன்று ஆலய முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், அந்தரத்தில் நிற்கிறது. தொழுவோர் நகரத் தெருவின் பக்கமிருந்து உள்ளே செல்கின்றனர். பயணம் செல்வோர் ஆலயத்துக்குள்ளிருந்தும் தெருவிலிருந்தும் பள்ளிவாசலைக் காண்பது நலம். ஒருபுறம் மட்டும் கண்டவர் பாதியே கண்டவராவார்.

2007-இல் பள்ளிவாசலில் தீப்பற்றியது. அதன்பின் நடந்த சீரமைப்பில் சுவர்ப் பூச்சை நீக்கியபோது, பழைய தூண்களும் சித்திர எழுத்துகளும் வெளிப்பட்டன. இன்று தொழுகைக் கூடத்திலேயே அவற்றைக் காணலாம்.

ஆலயத்துக்காகப் பள்ளிவாசலை இடித்திருக்கலாம். பள்ளிவாசலுக்காக ஆலயத்தை மண்ணிலேயே விட்டிருக்கலாம். எளிதான அவ்விரு வழிகளையும் விடுத்து, இரண்டையும் காத்தனர் லக்ஸர் மக்கள். முன்னோர் விட்டுச் சென்றதை அழிப்பதால் நம் ஈமான் வலுப்பெறுவதில்லை. அதைக் காண்பதால் குறைவதுமில்லை. தன்னைக் கடவுளாகப் போற்றச் செய்த மன்னனின் கற்சிலைகள் வாயிலில் வாய்மூடி அமர்ந்திருக்க, அவற்றின் அருகிலேயே நாள்தோறும் ஐந்து முறை 'அல்லாஹு அக்பர்' ஒலிக்கிறது. இதைவிடத் தெளிவான படிப்பினை வேறென்ன வேண்டும்?