தானாகத் திரும்பும் கழுத்து

கல்லாவில் இருப்பவர் தலையை ஆட்டினால் சரக்கு இல்லை என்று அர்த்தம். அல்லது விலை கட்டாது என்று அர்த்தம். இராஜபாளையத்தில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நம் நண்பர் ஒருவருக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் தலை தானாகவே இடப்பக்கம் இழுத்து ஆடத் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொள்முதலுக்கு வரும் சில்லறைக் கடைக்காரர்கள், அண்ணாச்சிக்கு நம்மேல் ஏதோ மனவருத்தம் என்று எண்ணிப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். நோயைவிட இந்த நஷ்டம்தான் அவரை முதலில் வாட்டியது.

மூட்டை தூக்குவதாலும், டெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேரேடு எழுதுவதாலும் வரும் சுளுக்கு நமக்குப் பழகியதே. பெரும்பாலும் ஒத்தடத்தில் அடங்கிவிடும். இதையும் அப்படியே நினைத்து அவர் தைலம் போட்டார், சுளுக்கு வழிக்கச் சொன்னார், பிறகு ஒரு சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கச் சொன்னார். அன்றிரவே தலைசுற்றலும் வாந்தியும். நல்லவேளை, அதோடு போயிற்று. 2024இல் கர்நாடக மாநிலம் பல்லாரியில் இப்படிச் சலூனில் கழுத்தைத் திருகிய இளைஞர் ஒருவருக்கு இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமே வந்ததைப் பத்திரிகைகளில் படித்தோம்.

அடுத்து, கைரோபிராக்டிக் பார்க்கலாம் என்றார் அவர் மகன். நாமும் விசாரித்தோம். 1895இல் அமெரிக்காவில் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய முறை அது. அவர் முன்பு நம்மைப்போல் மளிகைக் கடை நடத்தியவராம்! முதுகெலும்பு பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அங்கே அதற்குக் கல்லூரியும் உரிமமும் உண்டு; நம் நாட்டில் தனிக் கவுன்சில் கிடையாது. சாதாரணக் கழுத்து வலியில் சிலருக்கு அதனால் சுகம் கிடைப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த நோய் எலும்பில் இல்லை, மூளையில் இருக்கிறது. அசைவுகளை ஆளும் பகுதி தவறான கட்டளை கொடுக்க, கழுத்துத் தசை தானாக இழுக்கிறது. செர்விகல் டிஸ்டோனியா என்று பெயர். எலும்பைத் திருகினால் இது தீரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. திருகுவதில் ஆபத்து மட்டும் உண்டு.

சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்து எங்கெங்கோ அனுப்புகிறோம். இந்தக் கழுத்துக்கு மதுரை வரை போக வேண்டியிருந்தது. அங்கே அரசு இராஜாஜி மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவு உண்டு. நண்பரைப் பார்த்த நரம்பியல் டாக்டர் முதலில் இரண்டே கேள்விகள் கேட்டார். தூங்கும்போது ஆட்டம் நிற்கிறதா? தாடையில் விரல் வைத்தால் குறைகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றதும் அவருக்குப் பாதி விளங்கிவிட்டது.

சிகிச்சை ஊசிதான். உப்பிப்போன டின் உணவை நாம் தூக்கி எறிகிறோமே, அதில் இருக்கக்கூடிய கிருமியின் நஞ்சு, பாட்டுலினம் டாக்சின். அதையே மிகச் சிறிய அளவில் இழுக்கும் தசையில் போட்டு அதைத் தளர்த்துகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நோய்க்கு இதை அனுமதித்தது. சுமார் மூன்று மாதத்தில் வேகம் குறைந்துவிடும், மறுபடி போட வேண்டும். செலவு லேசானதல்ல. கூடவே பிசியோதெரபி பயிற்சியும் செய்கிறார்.

இப்போது நண்பர் தராசை இடப்பக்கம் மாற்றி வைத்திருக்கிறார். ஊசியின் வேகம் குறையும் வாரங்களில் தாடையில் ஒரு விரலை வைத்தபடி விலை பேசுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள், அண்ணாச்சி யோசிக்கிறார், இன்னும் குறைப்பார் என்று காத்திருக்கிறார்கள்.