நிணநீர்ப் புற்றுநோயின் வகைகளும் காரணங்களும்

தாராவியிலோ மாதுங்காவிலோ ஒரு சிறுவனின் கழுத்தில் வலியற்ற கட்டி தோன்றினால், பெரியோர் முதலில் எண்ணுவது காசநோயையே. அவ்வாறு எண்ணுவதற்குத் தக்க காரணம் உண்டு. நம் நாட்டில் இத்தகைய கட்டிகள் பல காசநோய்க் கிருமியால் உண்டாகின்றன. ஆயினும் அவற்றுட் சில லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கக்கூடும். காய்ச்சல், இரவில் வியர்த்தல், உடல் மெலிதல் ஆகிய குறிகள் இரண்டிற்கும் பொதுவாதலின், பார்த்த அளவில் இவற்றைப் பிரித்தறிய இயலாது.

வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையைச் சுட்டிக்காட்டலாம். லிம்போமாவுக்கு அவ்வாறு ஒரே காரணத்தைக் கூறுவதற்கில்லை. ஏனெனில் அது ஒரு நோயன்று, பல நோய்களின் தொகுதி. இரத்த வெள்ளணுக்களுள் ஒருவகையான லிம்போசைட்டுகள் கட்டுக்கடங்காது பெருகுவதே இவற்றின் பொது இயல்பு. லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் விவரித்தது ஒரு வகை. ஹாட்ஜ்கின் அல்லாதவை எனப்படும் ஏனையவை மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை வயது முதிர முதிர மிகுகின்றன.

ஹாட்ஜ்கின் நோயில் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்குப் பங்குண்டு. உமிழ்நீர் வழியே பரவும் இவ்வைரஸ், நெருக்கமான குடியிருப்புகளில் இளங்குழந்தைப் பருவத்திலேயே ஏறக்குறைய அனைவரையும் தொற்றுகிறது; எனினும் நோய்வாய்ப்படுவோர் மிகச் சிலரே. இந்தியக் குழந்தைகளின் ஹாட்ஜ்கின் கட்டிகளுட் பெரும்பாலானவற்றில் இவ்வைரஸ் காணப்படுகிறது. மேலைநாடுகளில் இந்நோய் இளைஞரிடையே மிகுதி. அவர்களுட் பலரது கட்டிகளில் வைரஸ் இல்லை.

ஆப்பிரிக்கச் சிறுவரின் தாடையில் தோன்றும் கட்டியை டெனிஸ் பர்கிட் 1958-இல் விவரித்தார். அக்கட்டியின் அணுக்களிலேயே 1964-இல் மேற்கூறிய வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு அதனுடன் மலேரியாவும் சேர்ந்தே நோயை விளைவிக்கிறது.

எச்.ஐ.வி. தொற்றினாலோ, உறுப்பு மாற்றத்திற்குப் பின் உட்கொள்ளும் மருந்தினாலோ நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரிடம் விரைந்து வளரும் வகைகள் தோன்றுகின்றன. எச்.ஐ.வி.க்குரிய மருந்தை இடைவிடாது உட்கொள்வோர்க்கு இவ்வபாயம் குறைகிறது.

இரைப்பையில் மெதுவாக வளரும் ஒரு வகைக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா காரணமாகிறது. தொடக்க நிலையில் அப்பாக்டீரியாவை மருந்தால் ஒழித்தவுடன் கட்டியும் பலரிடம் மறைவது வியப்புக்குரியது. ஹெபடைடிஸ் சி வைரஸும் மெதுவாக வளரும் சில வகைகளுடன் தொடர்புடையது.

இரசாயனப் பொருள்களையும் கருதவேண்டும். லிண்டேன் என்னும் பூச்சிக்கொல்லி ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாவை உண்டாக்கவல்லது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015-இல் தீர்மானித்தது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1950-களில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. ஆதலின் பென்சீனைப் பற்றிய அச்சம் அங்கு இயல்பானதே. பென்சீன் ஒருவகை இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி. லிம்போமாவைப் பொறுத்தவரை சான்று இன்னும் முழுமை பெறவில்லை. எனவே தனி ஒருவரின் நோய்க்கு ஆலைப் புகையே காரணம் என முடிவு கூறுதல் தகாது.

நோயாளரின் வயது, இருப்பிடம், நோயின் வகை ஆகியவற்றை ஒழுங்காகப் பதிந்து ஒப்பிடுவதாலேயே இத்தகைய வேறுபாடுகள் புலனாகின்றன. நாட்டின் முதல் மக்கள்சார் புற்றுநோய்ப் பதிவேடு பம்பாயில் 1963-இல் தொடங்கப்பட்டது.

களப்பணியாளரும் ஆசிரியரும் கருத்திற்கொள்ள வேண்டியவை மூன்று. இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கட்டியையும், காசநோய் மருந்துக்குக் கரையாத கட்டியையும் மருத்துவமனையில் காட்டச் செய்க. கட்டியின் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தாலன்றி உண்மை விளங்காது. சோதனைக்கு முன் ஸ்டீராய்டு மருந்தைத் தாமாக உட்கொள்வது நோயை மறைத்துவிடும் என எடுத்துரைக்க. லிம்போமா ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று; ஆதலின் அந்நோயுற்ற மாணவனை வகுப்பில் ஒதுக்கி உட்காரவைத்தல் கூடாது. குழந்தைகளின் ஹாட்ஜ்கின் நோய் தக்க சிகிச்சையால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகிறது. சிகிச்சை முடிந்து திரும்பும் மாணவனுக்குப் பள்ளியில் அவனுடைய இடம் காத்திருத்தல் வேண்டும்.