கைப்பிடிச் சுவர் இருக்கிறது, கைப்பிடி எங்கே?

மொட்டை மாடியைச் சுற்றியும் மாடிப்படியின் ஓரத்திலும் எழுப்பும் இடுப்பளவுச் சுவரைக் கைப்பிடிச் சுவர் என்கிறோம். பெயரில்தான் கைப்பிடி இருக்கிறது. நாலரை அங்குலச் செங்கல் சுவருக்கு இரண்டு பக்கமும் பூச்சு ஏறினால் தடிமன் ஐந்து அங்குலத்தைத் தாண்டிவிடும். தலையில் கிரானைட் பலகை பதித்தால் இன்னும் அகலம். அதை எந்தக் கையாலும் வளைத்துப் பிடிக்க முடியாது. உள்ளங்கையை ஊன்றலாம், அவ்வளவுதான். புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி என்று எந்த ஊரின் புது நகர்களில் நடந்தாலும் வாசலுக்குப் பக்கவாட்டில் வெளியே ஏறும் மாடிப்படிகளைப் பார்க்கலாம். சில இந்தச் சுவரோடு நிற்கும். சில அதுவும் இல்லாமல், பின்னால் பற்றவைக்கலாம் என்று விட்ட கம்பி முனைகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்க, ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். இரண்டும் ஒரே குறைதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். கைப்பிடி என்பது படிக்கட்டு முடிந்தபின் சேர்க்கும் அலங்காரம் அல்ல. படியைப் போலவே அதுவும் படிக்கட்டின் உறுப்பு. கைக்குப் பிடிபடாத எதையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

படியில் விழுகிறவர் எப்படி விழுகிறார் என்று பார்த்தால் இதன் காரணம் புரியும். ஏறும்போது கால் தவறினால் பெரும்பாலும் முன்னால் இருக்கும் படியில் கை ஊன்றிவிடும். இறங்கும்போது முன்னால் இருப்பது வெறும் காற்று. கால் வழுக்கிய நொடியில் உடல் தன்னையறியாமல் கையை நீட்டுகிறது. அந்தக் கைக்குச் சுற்றிப் பிடிக்க ஒன்று அகப்பட்டால் சறுக்கல் அதோடு நிற்கும். அகலமான சுவரில் கை வழுக்கி ஓடும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஜான் டெம்ப்ளர் படிக்கட்டைப் பற்றி மட்டுமே இரண்டு தொகுதி நூல் எழுதி 1992இல் வெளியிட்டார். படிக்கட்டு அந்த அளவுக்கு ஆராயப்பட்ட பொருள். படி விபத்துகள் பெரும்பாலும் மேலே முதல் சில படிகளிலும் கீழே கடைசிச் சில படிகளிலும் நடக்கின்றன என்பது இத்துறையில் அறிந்த விஷயம். சமதளத்தில் பழகிய கால், படியின் அளவுக்கு மாறுகிற இடம் அது. நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொத்தனார் படிகளை ஒரே உயரத்தில்தான் கட்டிக் கொடுப்பார். பிறகு கீழ்த்தளத்தில் டைல்ஸ் ஒரு கனத்திலும் படியில் கிரானைட் வேறு கனத்திலும் மாடியில் தட்டோடு மூன்றாவது கனத்திலும் பதிக்கப்படும். முதல் படி குட்டையாகவும் கடைசிப் படி நெட்டையாகவும் மாறிவிடும். கண் அதைப் பார்க்காது. கால்தான் கண்டுபிடிக்கும், தாமதமாக.

இதற்கெல்லாம் அளவுகள் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டடக் கோவை, வீடுகளில் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதிபலகை 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. மற்றக் கட்டடங்களுக்கு இந்த அளவுகள் 150, 300. கைப்பிடி, மிதிபலகையின் நடுவிலிருந்து 1000 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளையும் மனத்தில் வைத்து மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் வெளியிட்ட ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டுதல்கள் இன்னும் நுணுக்கமானவை: இரண்டு பக்கமும் கைப்பிடி, 900 மில்லிமீட்டரில் ஒன்று, குள்ளமானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 760இல் இன்னொன்று, குழாயின் விட்டம் 38 முதல் 45, விரல் முட்டி இடிக்காதபடி சுவரிலிருந்து 50 இடைவெளி, மேலும் கீழும் படி முடிந்த பிறகும் 300 மில்லிமீட்டர் நீட்சி. இந்தக் கடைசி அளவுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. விபத்து நடக்கும் இடம் முதலும் கடைசியும் என்றால், கடைசிப் படியில் கால் வைக்கும்போதும் கை குழாயில் இருந்தாக வேண்டும். நம் வீடுகளிலோ கடைசிப் படிக்கு ஓரடி முன்னாலேயே குழாய் முடிந்து, அங்கே ஒரு பித்தளைக் குமிழ் பளபளக்கிறது. ஆயிரமா, தொள்ளாயிரமா என்ற முரண்பாட்டுக்கும் எளிய தீர்வு உண்டு: தடுப்பு ஒரு மீட்டர், பிடி அதற்குச் சற்றுக் கீழே.

ஆனால் கட்டடக் கோவை தன்னளவில் சட்டம் அல்ல; மாநில விதிகள் எடுத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் அது கட்டாயம். தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். அலைச்சல் மிச்சம், வரவேற்க வேண்டிய திட்டம்தான். இதன் மறுபக்கம், சிறிய தனி வீட்டின் படியில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்க்க நடைமுறையில் யாரும் வரப்போவதில்லை. அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருக்கும் கொத்தனாருக்கும் இடையிலான பேச்சில்தான் தீர வேண்டும்.

அந்தப் பேச்சில் முதலில் எழும் மறுப்பு செலவு. பத்தடி உயர மாடிக்கு நேர்ப்படி என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 190 மில்லிமீட்டருக்கு மிகாமல் 17 படி உயரம். முதல் படி நுனியிலிருந்து கடைசிப் படி நுனி வரை சாய்வாக அளந்தால் ஐந்து மீட்டருக்கும் குறைவு. மேலும் கீழும் 300 மில்லிமீட்டர் நீட்சியைச் சேர்த்தாலும் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர்தான். ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. பைப் ஆறு மீட்டர் நீளத்தில்தான் வருகிறது. ஒன்றே கால் இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் ஏறக்குறைய 42 மில்லிமீட்டர். வழிகாட்டுதல் சொல்லும் அளவுக்குள் கச்சிதமாக அடங்குகிறது. ஆக, ஒரு முழுப் பைப், நான்கைந்து தாங்கிகள், ஒரு வெல்டரின் அரை நாள் வேலை. இருக்கும் கைப்பிடிச் சுவரை இடிக்கவும் வேண்டாம். அதன் உட்பக்கத்தில் இதைப் பொருத்தினால் போதும். முகப்பில் எலிவேஷன் டைல்ஸுக்குப் போகும் பணத்தோடு ஒப்பிட்டால் இதைச் செலவு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

இரண்டாவது மறுப்பு, பீரோவும் கட்டிலும் ஏற்ற முடியாது என்பது. குழாய் எடுத்துக்கொள்ளும் அகலம் நான்கு அங்குலம். பீரோ பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஏறும்; மனிதர்கள் நாள்தோறும் ஏறி இறங்குகிறார்கள். வேண்டுமென்றால் போல்ட் போட்டுக் கழற்றும்படி அமைக்கலாம். மூன்றாவது மறுப்புதான் வலுவானது: இத்தனை வருஷமாக இதே படியில்தானே போய்வருகிறோம், என்ன ஆகிவிட்டது? வெளிப்படியை அதிகம் பயன்படுத்துகிறவர் யார் என்று கவனித்தால் இதற்குப் பதில் கிடைக்கும். காலையில் துவைத்த துணியை இடுப்பில் வாளியோடு மாடிக்கு எடுத்துப்போகிறவர் ஒரு பெண். வாளியிலிருந்து சொட்டும் நீர் மெருகேற்றிய கிரானைட் படியில் விழுகிறது. மாலையில் காய்ந்த துணியைக் கண் மறைக்கும் அளவுக்கு அணைத்துக்கொண்டு இறங்குகிறார். புடவைத் தலைப்போ நைட்டியின் ஓரமோ குதிகாலில் மாட்டுகிறது. சித்திரை வைகாசியில் வடகமும் மிளகாயும் இதே வழியில்தான் போகின்றன. அந்தப் பெண்ணுக்கு வயது முப்பதாக இருந்தபோது ஒன்றும் ஆகவில்லை, சரி. படி அப்படியே இருக்கிறது, வயது இருக்கவில்லை. 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. விபத்துச் சாவுகளில் சாலைக்கு அடுத்தபடி விழுதல்தான். அறுபதுக்கு மேற்பட்டவர்களே இதில் அதிகம்.

பொதுப் படிகளுக்கு வந்தால் புதுக்கோட்டை மாவட்டமே ஒரு பாடம். சித்தன்னவாசலில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கும் குகைக்கு ஏழடிப்பட்டம் என்று பெயர் வந்ததே, பாறையில் வெட்டிய ஏழு படிகளால்தான். ஈராயிரம் ஆண்டுகளாக அந்தக் குறுகிய பாறை விளிம்பு மாறவில்லை. இன்று அதை ஒட்டி இரும்புக் கம்பித் தடுப்பு இருப்பதால்தான் பள்ளிப் பிள்ளைகளைக்கூட அழைத்துப்போக முடிகிறது. திருமயத்தில் கிழவன் சேதுபதி 1687இல் கட்டிய கோட்டையில், பாறைச் சரிவில் குடைந்த சிவலிங்கக் குகையை எட்ட இரும்பு ஏணிதான் வழி. பழமையைக் கெடுத்துவிடும் என்று கைப்பிடியை மறுப்பவர்களுக்கு இந்த இரண்டையும் காட்டலாம். பாறையைச் சிதைக்காமல், பிற்காலத்தில் கழற்றி எடுக்கும்படி, தொல்லியல் துறையின் மேற்பார்வையில் செய்யும் வேலை நினைவுச் சின்னத்தைக் கெடுப்பதில்லை.

விராலிமலை முருகன் கோயில் போல, இருநூறுக்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலோடு ஏறும் இடங்களுக்கு வேறு கவலை உண்டு. கோடை வெயிலில் எவர்சில்வர் குழாயைத் தொட்டால் கை சுட்டுவிடும். யாரும் பிடிக்க மாட்டார்கள். இதைச் சாக்காகச் சொல்லிக் குழாயே வேண்டாம் என்பதைவிட, நிழற்கூரை போடுவதும் குழாய்க்கு மரமோ பிளாஸ்டிக் உறையோ போர்த்துவதும் மேல். அகலமான படிகளில் ஓரத்தில் மட்டும் குழாய் வைத்தால் நடுவில் போகிறவருக்கு அது இல்லாததற்குச் சமம்; திருவிழாக் கூட்டத்துக்கு நடுவிலும் ஒரு வரிசை வேண்டும். கைப்பிடி எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லவில்லை. 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைமேம்பாலப் படிக்கட்டு நெரிசலில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே குறை, கூட்டத்துக்குப் போதாத அகலம்.

அரசு அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் ஆகியவற்றில் இது நல்லெண்ண விஷயமாக இருந்த காலம் போய்விட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் அனைவரும் அணுகும்படி மாற்றச் சொன்னது. அதற்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. அணுகல் அளவுகளை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவைத்த விதி சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளை வகுக்கவும் சொன்னது. ஆகவே பொதுக் கட்டடத்தின் படியில் கைப்பிடி கேட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுப்பவர் சலுகை கேட்கவில்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படிக்குச் சென்ட்ரிங் அடிக்கும்போதே கைப்பிடிக்கான இரும்புத் தகடுகளைக் கம்பியோடு கட்டிப் பதிக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு ஓட்டை போட்டால் படியின் விளிம்பு பெயரும். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், ஒரு கையில் தண்ணீர் வாளியோடு மாடியிலிருந்து ஒரு முறை இறங்கிப் பாருங்கள். மறு கை, கடைசிப் படியைத் தாண்டித் தரையில் கால் பதியும்வரை எதையாவது பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.