ஏலக்காட்டின் பகல் கொசு

விடியும் முன்பே போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தக் கொசு பழக்கமானது. தட்டைக்கடியில் குனிந்து காய் எடுக்கையில், பட்டப்பகலிலேயே வந்து காலைக் கடிக்கும். அடித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கரிய உடம்பு, கால்களில் வெள்ளைப் பட்டைகள், முதுகின் நடுவே சுண்ணாம்பால் இழுத்ததுபோல் ஒரே ஒரு கோடு. அந்தக் கோடுதான் அடையாளம்: இது ஏடிஸ் அல்போபிக்டஸ், புலிக்கொசு. கல்கத்தாவில் பிடிபட்டதை வைத்து 1894-இல் ஸ்கியூஸ் என்பவர் இதற்குப் பெயரிட்டார். ஊருக்குள் தொட்டி, டிரம்மில் வளரும் ஏடிஸ் ஈஜிப்டி இதற்கு நெருங்கிய சொந்தம். அதன் முதுகில் யாழ் போன்ற வரிகள் இருக்கும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் இரண்டுமே பரப்பும்.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. பசிக்குப் பூந்தேன் போதும். முட்டை உருவாகத்தான் ரத்தம் வேண்டும். பாதியில் விரட்டினால் பக்கத்தில் நிற்பவரிடம் போய் மிச்சத்தைக் குடிக்கும்.

புலிக்கொசு அடிப்படையில் காட்டுப் பூச்சி. நிழல் மரங்களின் பொந்து, வெட்டிய மூங்கிலின் அடிக்குழாய், இலைக்கக்கம் என்று மழைநீர் தேங்கும் இடமெல்லாம் அதற்குத் தொட்டில். நாம் வீசிய சிரட்டையும் டீ கப்பும் பழைய டயரும் அதற்குக் கூடுதல் வசதி. பழைய டயர் வியாபாரத்தோடு கப்பலேறிப் போய், 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனிலேயே குடியேறிவிட்டது. 2007-இல் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சிக்குன்குனியா பரவியபோது, இந்தக் கொசுவின் உடலில் எளிதாகப் பெருகும்படி அந்த வைரஸே ஒரு மாற்றம் அடைந்திருந்தது.

முக்கியமான சங்கதி முட்டையில் இருக்கிறது. தண்ணீரில் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். அதையும் ஒரே இடத்தில் வைக்காது, நாலைந்து இடமாகப் பிரித்து வைக்கும். கறுத்த கடுகுத்தூள் போலிருக்கும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. அடுத்த மழையில் நீர் ஏறித் தொட்டதும் புழு வெளிவரும். வெயில் காலமென்றால் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும்.

அதனால் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். தோட்டத்தில் மரப்பொந்தை மண்ணிட்டு அடையுங்கள். மூங்கில் வெட்டும்போது கணுவை ஒட்டி வெட்டுங்கள். குழாய் மிஞ்சாது, தண்ணீரும் நிற்காது.