ஊசி குத்திய பின் 72 மணி நேரம்

இரத்தம் எடுத்து முடித்த ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடுகிறார் ஒரு செவிலியர். வலது கையில் சிரிஞ்ச். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மூடி. அதன் வாய் சில மில்லிமீட்டர்தான். இரவு டூட்டி முடியும் நேரம். பக்கத்துக் கட்டிலிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். ஊசி மூடிக்குள் போகாமல் விரலில் ஏறிவிடுகிறது. சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். துடைத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார்.

அந்தச் சுருக்கென்ற நொடியில் விரலுக்குள் என்ன போயிருக்கும்?

இரத்தம் எடுக்கும் ஊசி உள்ளே குழாயாக இருப்பது. நோயாளியின் இரத்தம் அந்தக் குழாய்க்குள் தங்கியிருக்கும். ஒரு குத்தில் உடலுக்குள் போவது பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டர் அளவு, அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மிகச் சிறிய அளவுதான். ஆனால் ஹெப்பாடிடிஸ் பி கிருமி தீவிரமாகப் பெருகிக்கொண்டிருப்பவரின் இரத்தத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 10 கோடி வைரஸ்களும் அதற்கு மேலும் இருக்கலாம். ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்: அந்தத் துளிக்குள் ஒரு லட்சம் வைரஸ்கள்.

அதனால்தான் ஊசி வழியாகப் பரவும் முக்கியமான மூன்று கிருமிகளுக்கும் ஆபத்து ஒரே அளவாக இல்லை. தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்பாடிடிஸ் பி வரும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. ஹெப்பாடிடிஸ் சி-க்கு நூற்றுக்கு 2-க்கும் குறைவு. எல்லோரும் மிகவும் அஞ்சும் எச்.ஐ.வி-க்கு ஆயிரத்துக்குச் சுமார் 3 மட்டுமே. ஊசியின் வகையைப் பொறுத்தும் ஆபத்து மாறும். காயத்துக்குத் தையல் போடும் ஊசிக்கு உள்ளே குழாய் கிடையாது. அதன் வெளிப்புறத்தில் ஒட்டிய இரத்தத்தில் பாதி அளவுக்குக் கையுறையே வழித்துவிடும். குழாய் ஊசிக்குள் இருப்பதைக் கையுறையால் ஒன்றும் செய்ய முடியாது.

குத்திய பிறகும் நமக்கு அவகாசம் இருக்கிறது என்பதுதான் இதில் வியப்பு. எச்.ஐ.வி விரலில் நுழைந்த உடனே உடலெங்கும் பரவிவிடுவதில்லை. குரங்குகளில் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. முதல் நாள் முழுக்க வைரஸ் நுழைந்த இடத்தருகே உள்ள சில நோயெதிர்ப்பு செல்களிலேயே தங்குகிறது. அடுத்த ஓரிரு நாளில் அந்த செல்கள் அதைப் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டு சேர்க்கின்றன. இரத்தத்தில் அது தென்படச் சுமார் ஐந்து நாட்கள் ஆகின்றன. காவல் காக்க வேண்டிய செல்களே கிருமியைச் சுமந்து செல்கின்றன. ஆனால் நடந்து செல்கின்றன, பறந்து செல்வதில்லை.

அந்த இடைவெளியில்தான் மருந்து வேலை செய்கிறது. ஊசி குத்திய உடனே ஜிடோவுடின் என்ற ஒரே மருந்தை எடுத்துக்கொண்டவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 81 சதவீதம் குறைந்ததாக 1997-இல் வெளியான ஆய்வு சொன்னது. இன்று மூன்று மருந்துகள் சேர்ந்து 28 நாட்களுக்குத் தரப்படுகின்றன. இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலும் பயன் இல்லை.

ஹெப்பாடிடிஸ் பி-க்குக் கதவை முன்கூட்டியே சாத்திவிடலாம். பாரூக் பிளம்பெர்க் என்ற விஞ்ஞானி அந்தக் கிருமியின் மேலுறைப் புரதத்தை ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் கண்டுபிடித்தார். 1976-இல் நோபல் பரிசு பெற்றார். தடுப்பூசி செய்யப் பயன்பட்டது அந்தப் புரதமேதான். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. பிறகு ஓர் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருப்பது உறுதியானால் நீண்ட காலப் பாதுகாப்பு கிடைத்துவிடும். ஹெப்பாடிடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பரிசோதனையில் தெரியவந்தால், பெரும்பாலும் 12 வார மாத்திரையில் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது.

இவ்வளவும் கையில் இருந்தும் நாம் தோற்பது எங்கே? காயத்தை மறைக்கும் இடத்தில். 'கவனமா செய்யத் தெரியாதா?' என்ற ஒரு கேள்விக்குப் பயந்து பலர் வாயே திறப்பதில்லை. தூய்மைப் பணியாளர்களின் நிலை இன்னும் மோசம். யாரோ கவனிக்காமல் பையில் போட்ட ஊசி, அந்தப் பையைத் தூக்கும்போது அவர்கள் கையில் குத்துகிறது. எந்த நோயாளியின் இரத்தம் என்றுகூடத் தெரியாது. பயன்படுத்திய ஊசியைக் குத்திக் கிழிக்க முடியாத வெள்ளை டப்பாவில்தான் போட வேண்டும் என்றும், மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லாப் பணியாளர்களுக்கும் ஹெப்பாடிடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்றும் இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் என்பதற்காக இதிலிருந்து யாரையும் விலக்க முடியாது.

கவனம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. தானே மூடிக்கொள்ளும், தானே உள்ளிழுத்துக்கொள்ளும் பாதுகாப்பு ஊசிகளை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டே மருத்துவமனைகளில் இந்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. அதே மனிதர்கள், அதே வேலைப்பளு; மாறியது ஊசி.

மருத்துவமனையில் வேலை செய்பவரா நீங்கள்? ஊசிக்கு மூடி போடாதீர்கள். நேராக டப்பாவில் போடுங்கள். குத்திவிட்டால் விரலை வாயில் வைக்காதீர்கள், பிதுக்காதீர்கள், ஸ்பிரிட்டோ பிளீச்சிங் கரைசலோ ஊற்றாதீர்கள். சோப்பும் ஓடும் நீரும் போதும். கழுவிய கையோடு பொறுப்பு மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். வார்டை நடத்துபவரா? சொல்ல வந்தவரைத் திட்டாதீர்கள். அந்தத் திட்டுக்குப் பயந்து வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த 72-இலிருந்துதான் கழிகிறது.