கைமாறிய காசுகள் – 9: யானை தெரிகிறதா?

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய் இரண்டு. இரண்டிலும் ஆண்டு 1911. எடையும் வெள்ளியும் ஒன்றே. ஆனால் ஒன்றின் விலை இன்னொன்றைவிடப் பல மடங்கு. காசு சேர்க்கப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் வியாபாரி ஏமாற்றுகிறார் என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. ஒரு காசின் விலையை அதன் வயது மட்டும் முடிவு செய்வதில்லை. அது எந்த நிலையில் நம் கைக்கு வந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

சென்ற வாரம் அக்கசாலைக் குறிகளைப் பார்த்தோம். இந்த வாரம் தரம் பார்ப்பது எப்படி என்று பார்ப்போம். அதற்கு இந்த 1911 ரூபாயைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

முதலில் அதன் கதை. மன்னர் கிரீடமும் மேலங்கியும் அணிந்திருக்கிறார். மேலங்கியின் மேல் கிடக்கும் விருது மாலையில் சின்னதாக ஒரு யானை. அச்சு வெட்டியவர் அதன் தும்பிக்கையைக் குட்டையாக அமைத்துவிட்டார். காசு வெளியே வந்ததும் மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகப் பட்டது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் அரசு காசை நிறுத்திக்கொண்டது. அடித்த சுமார் 94 லட்சம் காசுகளில் ஏறக்குறைய 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912-ல் யானையைத் திருத்திப் புது அச்சு வந்தது. சேகரிப்பாளர்கள் இன்றும் 1911 காசைப் ‘பன்றி ரூபாய்’ என்றே சொல்கிறார்கள்.

இந்தக் காசை வாங்குகிறவர் பார்க்க விரும்புவது அந்த யானையைத்தான். ஆனால் யானை இருப்பது மேடான இடத்தில். காசு புழங்கினால் முதலில் தேய்வது மேடான இடங்கள்தான். ஆகவே, யானை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ அவ்வளவுக்குத் தரமும் உயரும்.

தரம் பார்க்கப் பெரிய கருவிகள் வேண்டாம். மேலிருந்து விழும் ஒற்றை விளக்கு, ஐந்து முதல் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, கீழே விரிக்க மெத்தென்ற துணி, இவை போதும். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். முகப்பில் விரல் பட்டால் வியர்வையின் உப்பும் எண்ணெயும் ஒட்டிக்கொண்டு, நாளடைவில் ரேகையாகவே பதிந்துவிடும்.

இப்போது காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். புழங்காத காசாக இருந்தால் அதன் மேல் ஒளிக்கீற்று காற்றாடி போலச் சுழலும். இதற்குக் காரணம் உண்டு. இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெள்ளித் தகடு நசுங்கும்போது உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளாகக் காசின் மேல் தங்கிவிடுகிறது. ஒளியைச் சிதறடித்துச் சுழல வைப்பவை அந்த வரிகள்தான். அக்கசாலையில் ஒரு முறை வருவதுதான் இந்த ஒளி. போனால் போனதுதான், எந்த மெருகும் அதைத் திருப்பித் தராது.

அடுத்து மேடுகளைப் பாருங்கள். கிரீடத்தின் மணிகள், மன்னரின் புருவம், காதுக்கு மேல் உள்ள முடி, மீசை, மேலங்கியின் பூ வேலைப்பாடு, யானை. தேய்மானமே இல்லாமல், சுழலும் ஒளி அறுபடாமல் இருந்தால் அது ‘யு.என்.சி.’, அதாவது புழங்காத காசு. மூட்டையில் மற்ற காசுகளோடு உரசிய சிறு வடுக்கள் இருக்கலாம். அவை தேய்மானம் ஆகா. மேடுகளின் உச்சியில் மட்டும் ஒளி மங்கியிருந்தால் ‘ஏ.யு.’. வேலைப்பாடு முழுதும் கூர்மையாக இருந்து, ஒளி எழுத்துகளின் இடுக்குகளில் மட்டும் மிஞ்சியிருந்தால் ‘எக்ஸ்.எஃப்.’. யானை அடையாளம் தெரிகிறது, ஆனால் மேலங்கியின் பூக்கள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கிவிட்டன என்றால் ‘வி.எஃப்.’. மேலங்கி மழுங்கி, கிரீடத்தின் மணிகளும் பெரும்பாலும் மறைந்திருந்தால் ‘ஃபைன்’. அதற்கும் கீழே உருவத்தின் கோடும் எழுத்தும் ஆண்டும் மட்டுமே மிஞ்சும்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. யானை மழுங்கித் தெரிகிறது என்பதற்காகவே காசு தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அச்சு பழசாகியிருக்கலாம், அடி சரியாக விழாமலும் போயிருக்கலாம். வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது ஒளிதான். மழுங்கிய இடத்தின் மேலும் ஒளிக்கீற்று தடையில்லாமல் ஓடினால் அது அச்சடிப்பில் வந்த குறை. அந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று செத்துக் கிடந்தால் அது தேய்மானம்.

தரத்துக்கு எண் கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949-ல் அந்நாட்டின் பழைய செப்பு சென்ட் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். 70-ஆம் தரக் காசு 1-ஆம் தரக் காசைப் போல 70 மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு நிலைக்கவில்லை, எண்கள் நிலைத்துவிட்டன. புழங்காத காசுக்கு இன்று 60 முதல் 70 வரை எண் தருகிறார்கள். 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனங்கள் தொடங்கின. காசைத் தரம் பார்த்து பிளாஸ்டிக் பேழையில் அடைத்து முத்திரையிட்டுத் தருவது இவற்றின் வேலை.

ஷெல்டனைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த உயர்ந்த காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தரம் குறைந்த தன் காசுகளை அவர் வைத்துவிட்டார் என்பது அவர் இறந்த பிறகு வெளிப்பட்டது. தரத்தின் அருமையை அவரைவிட அறிந்தவர் இல்லை. அந்த அறிவு நேர்மையைத் தந்துவிடவில்லை. பேழையில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். போலிப் பேழைகளும் புழக்கத்தில் உள்ளன. சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே சரிபாருங்கள். அதன் பிறகும் உங்கள் கண்ணால் ஒரு முறை பாருங்கள்.

நம் ஊரில் காசுகளைக் கெடுத்தது காலத்தைவிட அதிகமாக நம் கைகள்தான். வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலவே காசையும் விபூதி போட்டுத் தேய்க்கிறோம். புளி, எலுமிச்சை, பற்பசை என்று எது கையில் கிடைத்தாலும் விடுவதில்லை. காசு பளிச்சென்று ஆகிவிடும், உண்மைதான். உருப்பெருக்கியில் பார்த்தால் நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். உலோகம் ஓடிய வரிகள் அறுந்து, ஒளி சுழல்வது நின்றுபோயிருக்கும். அப்படிப்பட்ட காசுக்குத் தரம் பார்க்கும் நிறுவனங்கள் எண்ணே தருவதில்லை. ‘துலக்கப்பட்டது’ என்று எழுதி ஒதுக்கிவிடுகின்றன. கருநீலமும் பழுப்புமாக வெள்ளியின் மேல் படரும் நிறத்தைச் சேகரிப்பாளர்கள் ‘டோனிங்’ என்பார்கள். காற்றிலுள்ள கந்தகம் பட்டு இயல்பாக வருவது அது. அழுக்கு என்று நினைத்து அதைப் போக்குகிறவர் காசின் மேல்தோலையே உரிக்கிறார்.

விளிம்பையும் சுற்றிலும் பாருங்கள். வெள்ளி ரூபாயில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போடுவது பழைய வழக்கம். வளையத்தை எடுத்து அரத்தால் ராவி மறைத்திருந்தாலும், அந்த இடத்தில் விளிம்பு வரிகள் அறுந்து நிற்கும். அப்படியானால் முகப்பு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் விலை விழுந்துவிடும்.

தரத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது, காசு உண்மையா என்பது. 1835 முதல் 1939 வரையிலான ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தேய்ந்த காசில் எடை சற்றுக் குறையலாம், கூடினால் சந்தேகப்படுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தால் சுமார் 1.13 கிராம் குறைய வேண்டும். அதைவிடத் தெளிவாகக் கூடுதலாகக் குறைந்தால் உலோகம் வேறு. வார்த்தெடுத்த போலியில் நுண்ணிய குழிகள் இருக்கும். விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியலாம். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் மிக அரிது என்பதால், 1938-ன் எட்டை ஒன்பதாக்கி விற்கும் வேலையும் நடக்கிறது. விலை உயர்ந்த ஆண்டு என்றால் கடைசி இலக்கத்தை உருப்பெருக்கியில் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

பெட்டியில், பூஜை அலமாரியில், பாட்டியின் சுருக்குப் பையில் இப்படி ஒரு ரூபாய் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கறுத்துக் கிடந்தால் கிடக்கட்டும். தயவுசெய்து அதைத் தேய்க்காதீர்கள். பி.வி.சி. உறையில் போட்டால் பச்சைப் பிசுக்கு ஏறும். அதைத் தவிர்த்து உலர்ந்த காகித உறையில் வையுங்கள். விவரம் தெரிந்தவர் இரண்டு பேரிடமாவது காட்டிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். நூறு ஆண்டுகள் அந்தக் காசு தாங்கி வந்த ஒளியை ஐந்து நிமிடத் துலக்கலுக்குப் பலி கொடுத்துவிட வேண்டாம்.

(தொடரும்)

அடுத்த வாரம்: 1818 என்ற ஆண்டோடு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த ‘கம்பெனிக் காசு’. கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஒருபோதும் அடிக்கவில்லை.